தடுப்பு வேலிக்கு யார் காசு?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "தெருவைக் கேட்பவர் தெருவின் செலவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எழுதியவர்களில் பாதிப் பேர் தெருவில் நிகழ்ச்சி நடத்தி, காவலுக்கும் துப்புரவுக்கும் நகர நிர்வாகத்திடம் பில் வாங்கியவர்கள், மீதிப் பேர் அந்தப் பில்லைப் போடுகிறவர்கள். இரு தரப்பும் அடுத்த ஆண்டும் ஒரே மேசையில் உட்கார வேண்டியவர்கள் என்பதால் யாருடைய பெயரையும் ஊரையும் போடவில்லை. புதிய வாசகர்களுக்கு என்னைப் பற்றி: ஒரு மாநகர நிர்வாகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் 16 ஆண்டுகள் நிகழ்ச்சி அனுமதிப் பிரிவில் பில் எழுதினேன். அதற்காக வாங்கிய வசவுகளுக்குக் கணக்கில்லை.

கேள்வி: அம்மா, நாங்கள் ஆண்டுதோறும் அரை மராத்தான் நடத்துகிறோம். இந்த முறை நகர நிர்வாகம் அனுப்பிய பில் எங்கள் பதிவுக் கட்டண வசூலில் பாதியைத் தின்றுவிட்டது. ஓட்டம் முடிய மூன்று மணி நேரம்தான் ஆனது. காவலர்களுக்கு ஏழு மணி நேர மிகைநேர ஊதியம் போட்டிருக்கிறார்கள். இது பகல் கொள்ளை இல்லையா?

கொள்ளை என்று சொல்லும் முன் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்புங்கள். ஆறு மணிக்கு ஓட்டம் என்றால், சாலையோரம் நிற்கும் கார்களை நான்கு மணிக்கே அகற்றத் தொடங்க வேண்டும். நாலரைக்குத் தடுப்பு வேலி ஏற்றிய லாரி வரும். ஐந்து மணிக்கு முதல் சந்திப்பில் ஆள் நிற்க வேண்டும். கடைசியாகக் காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறாரே ஒருவர், அவர் தாண்டிப் போகும்வரை ஒரு வேலியைக்கூட நகர்த்த முடியாது. அவர் போன பிறகும் காகிதக் குவளைகளைப் பெருக்கி முடித்துத்தான் சாலையைத் திறக்க வேண்டும். உங்கள் ஓட்டம் மூன்று மணி நேரம். தெருவுக்கு அது ஏழு மணி நேரம்.

இன்னொன்று. விடுமுறை நாளில் ஊழியரை அழைத்தால், ஒரு மணி நேரமே வேலை இருந்தாலும் மூன்று அல்லது நான்கு மணி நேர ஊதியமாவது தர வேண்டும் என்று பல நகரங்களின் தொழிற்சங்க ஒப்பந்தங்களில் இருக்கும். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வருகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறும் அல்ல. பில்லில் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள்; பெருக்கலைப் பாருங்கள். எத்தனை சந்திப்பு, சந்திப்புக்கு எத்தனை ஆள், ஆளுக்கு எத்தனை மணி, மணிக்கு என்ன வீதம்? இந்த நான்கையும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். அன்று எப்படியும் பணியில் இருந்திருக்கக்கூடிய காவலரின் சம்பளத்தை உங்கள் தலையில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவியுங்கள். கூடுதலாக வந்தவருக்குத்தான் நீங்கள் பொறுப்பு.

நான் எழுதிய பில்லையே சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை ஓட்டப்பந்தயம், அதே பாதையில் மறுநாள் ஓர் ஊர்வலம். தடுப்பு வேலிகள் சனிக்கிழமை இரவு கிடங்குக்குத் திரும்பவே இல்லை. நடைபாதையில் அடுக்கி வைத்துவிட்டார்கள். எங்கள் கட்டணப் பட்டியலிலோ "கொண்டு வரவும் எடுத்துச் செல்லவும்" என்று ஒரே வரி இருந்தது. இரு தரப்புக்கும் முழுத் தொகையைப் போட்டு அனுப்பினேன். லாரி ஓடியது ஒரு நடை, பணம் வந்தது இரண்டு நடைக்கு. தணிக்கையாளர் கண்ணில் அது படவில்லை. இரண்டு அமைப்பாளர்களும் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து பேசியபோதுதான் வெளியே வந்தது. இருவருக்கும் பாதித் தொகையைத் திருப்பிக் கொடுத்தோம். அதன் பிறகு, பக்கத்து நாள்களில் வேறு யார் தெருவைக் கேட்டிருக்கிறார்கள் என்று விண்ணப்பதாரருக்கே சொல்லிவிடுவது என் வழக்கமானது.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. ஊரைச் சுற்றி வரும் 21 கிலோமீட்டர் பாதையை விட்டுவிட்டு, ஒருபக்கம் நீர்நிலையோ பூங்காவோ இருக்கும் சாலையில் இரண்டு சுற்று ஓடச் சொல்லுங்கள். அடைக்க வேண்டிய சந்திப்புகள் பாதிக்கும் கீழே இறங்கும். ஓட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள். பில்லைப் படமெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: நான் ஓடுவதில்லை, ஊர்வலம் போவதில்லை, கச்சேரி கேட்பதில்லை. என் வரிப்பணத்தில் ஏன் அவர்கள் குப்பையைக் கூட்ட வேண்டும்?

நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் வீட்டில் தீப்பிடித்ததும் இல்லை என்று நினைக்கிறேன். தீயணைப்பு வண்டிக்கும் சேர்த்துத்தான் வரி கட்டுகிறீர்கள். தெருவில் கூடுவதும் நடப்பதும் நகரத்தின் உயிர். அதற்கான அடிப்படைச் செலவு எல்லோருடையது. டிக்கெட் விற்று, வேலி போட்டு, உங்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் நிகழ்ச்சியின் குப்பைக்கு மட்டும் உங்கள் கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நானும் உங்கள் கட்சி.

கேள்வி: ஒரு சட்டத் திருத்தத்தை எதிர்த்துக் கண்டனக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டோம். மறுநாளே எதிர்த்தரப்பினர் "நாங்களும் அங்கே வருவோம்" என்று சுவரொட்டி ஒட்டினார்கள். உடனே எங்களிடம் கேட்கப்பட்ட பாதுகாப்புக் கட்டணம் மூன்று மடங்காகிவிட்டது. கேட்டால், "உங்கள் கூட்டத்தால்தானே இத்தனை காவலர் தேவைப்படுகிறார்கள்" என்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பதில் வாங்கிய ஒரு வழக்கு உண்டு. சண்டை வெறும் 100 டாலருக்குத்தான்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்சைத் என்றொரு மாவட்டம். 1987 ஜனவரியில் அங்கே கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத் தலைவர் ஹோசியா வில்லியம்ஸ் ஒரு நடைப்பயணம் போனார். சுமார் 90 பேர். எதிர்த்து நின்றவர்கள் 400 பேர். கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த வாரமே திரும்பி வந்தார்கள், இந்த முறை 20,000 பேர். பாதுகாப்புக்கு 3,000-க்கும் மேற்பட்ட காவலர்களும் காவற்படையினரும். செலவு 6,70,000 டாலருக்கு மேல். அதில் மாவட்டத்தின் கையிலிருந்து போனது சிறு பங்குதான் என்றாலும் மிரண்டுபோனார்கள். மூன்றே நாளில் ஒரு விதி இயற்றினார்கள்: ஊர்வலம், கூட்டம் நடத்துவோர் அனுமதிக் கட்டணம் கட்ட வேண்டும். பிறகு அதைத் திருத்தி, நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை, எவ்வளவு என்பதை நிர்வாகியே தீர்மானிக்கலாம் என்று வைத்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து அந்த விதியில் மாட்டியது யார் தெரியுமா? மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான விடுமுறையை எதிர்த்துக் கூட்டம் போட வந்த அமைப்பு. கிங்கின் தோழர் வில்லியம்ஸ் நடந்ததால் பிறந்த விதி, கிங்கை வெறுத்தவர்களிடம் காசு கேட்டது. நிர்வாகி 100 டாலர் போட்டார். காவலர் செலவு அதில் ஒரு காசுகூட இல்லை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் தனக்கு ஆன நேரம், மணிக்கு 10 டாலர் வீதம் 10 மணி நேரம் என்று கணக்குச் சொன்னார். அவர்கள் கட்ட மறுத்து வழக்குப் போட்டார்கள்.

1992-ல் தீர்ப்பு வந்தது, ஐந்துக்கு நான்கு. பெரும்பான்மைக்காக எழுதியவர் நீதிபதி பிளாக்மன். கட்டணம் எவ்வளவு என்பதை ஓர் அதிகாரியின் மனம்போல விட்டதே முதல் குறை. அதைவிடப் பெரிய குறை, கட்டணத்தைக் கணக்கிட வேண்டுமானால் அதிகாரி என்ன செய்ய வேண்டும்? இவர்கள் பேசப்போவது என்ன, அதைக் கேட்டு எத்தனை பேர் கல்லெடுப்பார்கள் என்று மதிப்பிட வேண்டும். பேச்சுக்கு விலை போட்டதாகத்தானே அர்த்தம்? கேட்பவரின் கோபத்தை வைத்துப் பேசுபவரிடம் பணம் வாங்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேசியவர்கள் அருவருப்பான ஆட்கள் என்பது தீர்ப்பை மாற்றவில்லை.

அதற்காக எந்தக் கட்டணமும் கூடாது என்று பொருளில்லை. 1941-லேயே அதே நீதிமன்றம், நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில் அனுமதியின்றி வரிசையாக நடந்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழக்கில், ஊர்வலத்தை நிர்வகிக்கவும் ஒழுங்கு காக்கவும் ஆகும் செலவை ஈடுசெய்யக் கட்டணம் வாங்கலாம், ஊர்வலத்தின் அளவைப் பொறுத்து அது ஏறி இறங்கலாம் என்று ஒருமனதாகச் சொன்னது. அந்தச் சட்டத்தில் உச்சவரம்பு 300 டாலர்.

இவை உங்கள் நாட்டுச் சட்டம் அல்ல என்று உங்கள் நகர அதிகாரி சொல்லலாம். சொல்லட்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி எந்த நாட்டிலும் செல்லும்: "எதிர்த்தரப்பின் சுவரொட்டி வருவதற்கு முன் என்ன தொகை சொன்னீர்கள்? அதற்குப் பின் எங்கள் திட்டத்தில் நாங்கள் எதை மாற்றினோம்?" எதையும் மாற்றவில்லை என்றால், கூடிய தொகை சுவரொட்டி ஒட்டியவர்கள் மூட்டிய செலவு. வழக்கறிஞரைப் பார்க்கும் முன் இதை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் கால்பந்தாட்டத்தில் ரசிகர்கள் அடித்துக்கொள்வதற்குச் சங்கம் பணம் கட்டுவது மட்டும் எப்படிச் சரி?

முந்தைய பதிலைப் படிக்காமலே இப்படி மடக்கியிருக்கிறீர்கள். இதில் நாட்டுக்கு நாடு பதில் வேறு.

இங்கிலாந்தில், சங்கம் எதுவரை கட்ட வேண்டும் என்பதற்கான கோடு மைதானத்தின் சுவர். 1921-ல் தெற்கு வேல்ஸ் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது ஒரு சுரங்க நிர்வாகம், காவலர்கள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே தங்க வேண்டும் என்று அடம்பிடித்தது. ரோந்து போதும் என்றார் காவல் அதிகாரி. பணம் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டு ஆட்களைப் பெற்றார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும், பாதுகாப்பது காவல்துறையின் கடமைதானே என்று கையை விரித்தார்கள். சுமார் 2,200 பவுண்டு பில், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. கடமைக்கு மேல் கேட்டு வாங்கியதற்குக் காசு கொடு என்றார்கள். அந்தக் கோட்பாடுதான் இன்றைய காவல் சட்டத்தில் "சிறப்புக் காவல் சேவை" என்று இருக்கிறது. மைதானத்துக்குள் நிற்கும் காவலருக்குச் சங்கம் கட்ட வேண்டும். வெளித் தெருவில் நிற்பவருக்கு? லீட்ஸ் யுனைடெட் சங்கம் வழக்காடி, தனக்குச் சொந்தமோ குத்தகையோ கட்டுப்பாடோ இல்லாத தெருக்களுக்குக் கட்டத் தேவையில்லை என்று 2013-ல் மேல்முறையீட்டில் வென்றது. 2017-ல் இப்ஸ்விச் டவுன் சங்கமும் அப்படியே. ஆட்டத்துக்காகவே அடைக்கப்பட்ட தெருவானாலும் தெரு தெருதான்.

ஜெர்மனியின் பிரேமன் மாநிலம் வேறு வழி போனது. 5,000 பேருக்கு மேல் கூடும், லாப நோக்கிலான, அனுபவத்தில் வன்முறை வரும் என்று தெரிந்த நிகழ்ச்சிகளுக்குக் கூடுதல் காவலர் செலவை வாங்கலாம் என்று 2014-ல் சட்டம் போட்டது. 2015 ஏப்ரலில் வெர்டர் பிரேமனும் ஹாம்பர்க்கும் மோதிய ஆட்டத்துக்கு 900-க்கும் மேற்பட்ட காவலர்கள். சுமார் 4,25,000 யூரோவுக்கு ஒரு பில், சங்கத்துக்கு அல்ல, போட்டித் தொடரை நடத்தும் லீக் நிறுவனத்துக்கு. பத்து ஆண்டு வழக்குக்குப் பிறகு 2025 ஜனவரியில் அரசியல் சட்ட நீதிமன்றம் பிரேமனின் பக்கம் நின்றது.

அடித்துக்கொள்வது வேறு யாரோ, கட்டுவது லீக். கண்டனக் கூட்டத்துக்கு மறுத்ததை இங்கே ஏன் ஒப்புகிறேன்? லீக் அந்த ஆட்டத்தை விற்கிறது. காவலர் நின்றதால்தான் ஒளிபரப்பு நடக்கிறது, விளம்பரம் நடக்கிறது. லாபம் அவர்கள் பையில் போகும்போது அதை உண்டாக்கிய செலவு மட்டும் ஊர்ப் பையிலிருந்து ஏன்? கண்டனக் கூட்டம் எதையும் விற்கவில்லை. இருந்தாலும் ஒரு முள் தொண்டையில் நிற்கிறது: எத்தனை காவலர் தேவை என்பதைக் காவல்துறையே முடிவு செய்து, அதன் பில்லையும் அரசே போட்டால், சிக்கனமாக அனுப்ப அங்கே யாருக்கு அக்கறை? நான் பில் எழுதிய காலத்தில், "யாரோ கட்டப் போகிறார்கள்" என்று தெரிந்த நாளில் ஆள் எண்ணிக்கை எப்படி வீங்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் இசை நிகழ்ச்சியை "அமைதி ஊர்வலம்" என்று பதிவு செய்தால் துப்புரவுக் கட்டணத்திலிருந்து தப்பிக்கலாமா?

தம்பி, உங்களுக்கு முன்பே பெர்லினில் ஒருவர் இதைச் செய்துவிட்டார். 1989-ல் சுமார் 150 பேரோடு தொடங்கிய லவ் பரேட் என்ற டெக்னோ இசை ஊர்வலம் அரசியல் பேரணியாகவே பதிவானது. அமைதி, மகிழ்ச்சி என்று ஒரு முழக்கமும் வைத்திருந்தார்கள். பேரணி என்பதால் துப்புரவு நகரத்தின் தலையில். 150 பேர் இருந்தவரை யாரும் முகம் சுளிக்கவில்லை. கூட்டம் பத்து லட்சத்தைத் தொட்டது. டியர்கார்டன் பூங்காவின் மரமும் செடியும் பட்ட பாடு, வந்தவர்கள் அதைக் கழிப்பறையாக்கிய கதை எல்லாம் செய்தித்தாளில் வந்தது. 2001-ல் அரசியல் சட்ட நீதிமன்றம், இது கருத்துச் சொல்லும் பேரணி அல்ல, கேளிக்கை என்றது. செலவு அமைப்பாளரிடம் திரும்பியது. 2004-லும் 2005-லும் பணம் இல்லாமல் நிகழ்ச்சியே நடக்கவில்லை.

தப்பிக்கலாமா என்றால், கூட்டம் சிறிதாக இருக்கும்வரை தப்பிக்கலாம். அந்த அளவுக்குக் கட்டணமும் சிறிதாகவே இருக்கும்.

கேள்வி: நான் நகர வருவாய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாலை அடைப்பால் வண்டி நிறுத்தக் கட்டணம் எங்களுக்கு நஷ்டமாகிறது. அதையும் அமைப்பாளரிடம் வாங்கலாமா?

பல நகரங்கள் வாங்குகின்றன. எனக்குப் பிடிப்பதில்லை. செலவு வேறு, வராமல் போன வரவு வேறு. 2024-ல் நியூயார்க் மராத்தானிடம் அங்குள்ள போக்குவரத்து ஆணையம், வெரசானோ பாலத்தை அடைப்பதால் போகும் சுங்கக் கட்டணத்துக்கு ஈடாக ஆண்டுக்குச் சுமார் 7,50,000 டாலர் கேட்டது. நகரத்தின் ஐந்து பகுதிகள் வழியாகவும் 1976 முதல் ஓடுகிற ஓட்டம் அது. மாநில ஆளுநர் தலையிட்டு அந்தக் கோரிக்கையை நிறுத்த வேண்டியதாயிற்று. போன சுங்கத்தை எண்ணினால், ஓட வந்தவர்கள் விடுதியிலும் ரயிலிலும் விட்டுப்போன காசையும் எண்ண வேண்டும். கணக்கில் இழப்பு, வரவு என்ற இரண்டு பத்தியையும் நிரப்பத் தயாராக இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்த பிறகு பில் அனுப்பினால் கட்டியே ஆக வேண்டுமா?

முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் ஆம். இல்லையென்றால் நகரத்தின் நிலைதான் பரிதாபம். 2009 ஜூலையில் மைக்கேல் ஜாக்சனின் நினைவு நிகழ்ச்சிக்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரம் காவலும் போக்குவரத்தும் பார்த்தது. சுமார் 14 லட்சம் டாலர் செலவு. கேட்டு வாங்க முன்னேற்பாடு எதுவும் இல்லாததால் இணையத்தில் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள், உண்டியல் குலுக்குவதுபோல. மறு ஆண்டு அமைப்பாளர் தரப்பினரும் ஜாக்சனின் சொத்து நிர்வாகிகளும் பெரும்பகுதியைத் தர ஒப்புக்கொண்டது தனிக் கதை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் போட்ட பிறகு ஆற்றுக்குள் இறங்கி அளந்தார்கள்.

கேள்வி: பெரிய தலைவர் ஒருவர் வந்தால் அடைக்கும் சாலைக்கு யார் பில் அனுப்புகிறார்கள்?

என் 16 ஆண்டில் அப்படி ஒரு பில் என் மேசைக்கு வரவில்லை.

கேள்வி: பூங்காவில் நடத்திய கண்காட்சிக்குக் கட்டிய வைப்புத் தொகையைப் புல்வெளி சேதம் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். புல் ஏற்கெனவே வழுக்கைதான். எப்படி நிரூபிப்பது?

இந்த முறை நிரூபிப்பது கஷ்டம். அடுத்த முறை பந்தல்கால் நடும் முன், பூங்கா மேற்பார்வையாளரை அழைத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் படம் எடுங்கள். உடைந்த நீர்த்தெளிப்பான் இருந்தால் அதைத் தனியாக எடுங்கள். ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், அதையும் நேரத்தோடு அந்தத் தாளிலேயே எழுதி, அன்றைக்கே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.